ஓரத்து அரை வால்

சேலத்துக் கடைக்காரர் அன்றைக்கு ஆள் மாறி "வாங்க முதலாளி" என்று சொல்லாமல் இருந்திருந்தால், அர்த்தனாரி சரியான சீப்பைத்தான் வாங்கியிருப்பார். இத்தனை காலம் கழித்தும் அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சீப்பு என்றால் தலை வாருகிற சீப்பு அல்ல. பெட்டி செய்யும்போது இரண்டு பலகைகள் சேரும் மூலையில் ஆணி அடிக்காமல், புறாவின் வால் போல விரிந்த பற்களை வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைக் கோப்பார்கள். வால் பூட்டு என்று பெயர். ரம்பமும் உளியும் வைத்து வெட்டினால் ஒரு மூலைக்கே அரை நாள் ஓடிவிடும். சேந்தமங்கலத்துக் கடைத்தெருவுக்கு மின்சாரம் வந்த பிறகு, அர்த்தனாரியும் அவருடைய மச்சினன் அருணாசலமும் பட்டறைக்கு ஒரு ரூட்டர் மிஷின் வாங்கிப் போட்டார்கள். கையில் பிடித்து ஓட்டுகிற மிஷின். வெட்டுவது அதன் வேலை. எங்கே வெட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. பலகையின் மேல் ஓர் உலோகச் சீப்பை இறுக்கிவிட்டு, அதன் பல் இடுக்குகளில் மிஷினை விட்டு இழுத்தால் வால் தானாக விழும். அந்தச் சீப்பை வாங்கத்தான் இரண்டு பேரும் சேலம் போயிருந்தார்கள்.

கடைக்காரர் நேராக அருணாசலத்திடம் வந்தார்.

"வாங்க முதலாளி, உட்காருங்க. பெரியவர் உங்க கூட வந்தவருங்களா?"

அருணாசலம் சலவைச் சட்டை போட்டிருந்தான். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றது அர்த்தனாரி. தப்பு அவ்வளவுதான். அருணாசலம் சிரித்துவிட்டான்.

"மொதலாளி அவருங்க. எங்க அக்கா ஊட்டுக்காரரு. நான் கூட இருந்து வேலை செய்யறவன்."

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். காப்பி வரவழைத்தார். காப்பி உள்ளே இறங்கியது, மன்னிப்பு இறங்கவில்லை. ஏற்கனவே ஒரு வருஷமாகப் பட்டறை வாசலில் வந்து நிற்கிறவர்களெல்லாம் "அருணாசலம் இருக்காருங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். கட்டில் செய்யச் சொல்ல வந்தவர் ஒருவர், அவன் இல்லை என்றதும் "அப்ப நாளைக்கு வாரேனுங்க" என்று திரும்பிப் போனதை அர்த்தனாரி மறக்கவில்லை.

கடையில் இரண்டு சீப்புகள் இருந்தன. ஒன்று புதுசு. ஒரே வார்ப்பு, பற்களெல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. வெள்ளி மாதிரி பளபளத்தது. இன்னொன்று, மூடிப்போன ஏதோ நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து வந்த பழசு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்தது. அதன் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு திருகு. திருகைத் தளர்த்திப் பல்லை இப்படியும் அப்படியும் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

அருணாசலம் பழசைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவே இல்லை.

"மச்சான், இதைப் பாருங்க. பலகை எந்த அகலத்துல இருந்தாலும் அதுக்குத் தக்கன பல்லைத் தள்ளி வெச்சுக்கலாம். புதுசுல அது முடியாது. சீப்புக்குத் தக்கன நாம பலகையை வெட்டோணும்."

"தொழில் தெரிஞ்சவங்க இதைத்தான் எடுப்பாங்க" என்றார் கடைக்காரர். அருணாசலத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

"பல்லுக்கு ஒரு திருகு. நிதம் அத்தனையும் முடுக்கிக்கிட்டு உக்காந்திருந்தா பட்டறை வெளங்கினாப்பலதான்" என்றார் அர்த்தனாரி. "புதுசைக் கட்டுங்க."

"மச்சான், ஒரு நிமிசம்..."

"மொதலாளி யாருன்னு இப்பத்தான மாப்ள அவரு கேட்டாரு? நான்தான்."

அருணாசலம் பழைய சீப்பை இருந்த இடத்திலேயே வைத்தான். பஸ்ஸில் வரும்போது சீப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் வறுத்த கடலை வாங்கினான். பொட்டலத்தைப் பிரித்து, பாதியை அர்த்தனாரியின் மடியில் கொட்டினான். கோபித்துக்கொண்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கொல்லிமலையிலிருந்து மாதன் பலகைகளோடு இறங்கி வந்தது அதற்குப் பிந்திய கோடையில்.

மாதனுக்கு மலைமேல் குண்டூர் நாட்டில் கொஞ்சம் சாமை விளைகிற காடும் மிளகுக் கொடியும் உண்டு. மனைவி முனியாயி காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே மகள் சின்னாயிக்கு ஐப்பசியில் கல்யாணம். மாதன் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் பிறந்தால் வாசலில் ஒரு பலா நடுவார்கள். அவள் கல்யாணத்துக்கு அந்த மரத்தில்தான் சீர்ப்பெட்டி. பெட்டியின் அடியில் ஓர் இழுப்பறை இருக்கும். அதில் தாயின் வெள்ளிக் காப்பைத் தகப்பன் வைத்து மூடி, மஞ்சளும் குங்குமமும் வைத்துவிடுவான். அதற்கப்புறம் யாரும் அதைத் தொடக்கூடாது. முகூர்த்தத்தன்று பெண் தன் கையால் இழுத்துத் திறந்து, காப்பை எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் மணையில் போய் உட்காருவாள்.

"அடிமரம் பொந்து உழுந்து போச்சுங்க ஆசாரியாரே. தேறினது இவ்வளவுதான்" என்று மாதன் பலகைகளை இறக்கிவைத்தார். "ஒரு பொட்டிக்குச் சரியா இருக்கும். தப்பாப் போச்சுன்னா மறு பலகைக்கு மரம் இல்லை."

அதில் ஒரு பலகையைத் தனியாக எடுத்துக் காட்டினார். மஞ்சள் மரத்தின் நடுவில் கன்னங்கரேல் என்று நெல்லிக்காய் அளவில் ஒரு கறை.

"இது முனியாயி அருவா மாட்டறதுக்கு ஆணி அடிச்ச எடமுங்க. ஆணி உள்ளயே துருப்பிடிச்சுக் கறை எறங்கிப் போச்சு. இதை டிராயருக்கு முன்பலகையா வையுங்க. புள்ளை இழுக்கறப்ப அவ அம்மா கை பட்ட எடம் கண்ணுக்குத் தெரியோணும்."

"வெச்சுடலாமுங்க" என்றான் அருணாசலம்.

"நான் செய்யறேன்" என்றார் அர்த்தனாரி.

பெட்டியின் கூட்டை அருணாசலம் செய்தான். இழுப்பறையை அர்த்தனாரி எடுத்துக்கொண்டார். புதுச் சீப்புக்கு அதுதான் முதல் பெரிய வேலை. மலைக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கப்போகிற வேலை. பலகையில் சீப்பை இறுக்கி மிஷினை ஓட்டினார். மரத்தூள் மஞ்சளாகப் பறந்தது. வால்கள் வரிசையாக விழுந்தன. எல்லாம் ஒரே அளவு, அச்சில் வார்த்த மாதிரி. கோத்துப் பார்த்தார். மயிரிழை இடைவெளி இல்லை.

இழுப்பறையைக் கூட்டுக்குள் தள்ளினார். காற்றை அமுக்கிக்கொண்டு மெதுவாக உள்ளே போய் நின்றது.

அருணாசலம் அதை இரண்டு தரம் இழுத்து மூடினான். மேல் விளிம்பில் விரலை வைத்துத் தடவினான்.

"மச்சான், உசரத்துல ரெண்டு நூல் கழிச்சுடுங்க."

"எதுக்கு?"

"இங்க சட்டி மாதிரி காயுது. மேல ஐப்பசியில மேகம் ஊட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும். கூட்டோட கால்ல மரத்து நார் நெட்டுவாக்குல ஓடுது, அது நீளாது. டிராயர்ப் பலகையில நார் குறுக்குவாக்கு. ஊறி மேல ஏறும். எடம் வேண்டாமா?"

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு நூல் கழிப்பது கஷ்டமான வேலை இல்லை. இழைப்புளி வைத்துச் சீவினால் போதும். ஆனால் சீவினால் ஓரத்து வால் பாதியாக நிற்கும். மேலிருந்து கீழ்வரை முழு வால்கள் வரிசையாக வந்து, கடைசியில் உடைந்த பல் மாதிரி ஓர் அரை வால். திருகு வைத்த சீப்பாக இருந்தால் எல்லாப் பல்லையும் கொஞ்சம் கொஞ்சம் நெருக்கி, குறைந்த உயரத்திலும் முழு வாலாகவே வெட்டியிருக்கலாம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அரை வால் வெச்சா எவன் பார்ப்பான்?" என்றார் அர்த்தனாரி. "மிஷின்ல வெட்டினானாம், ஓரம் பிசகிப் போச்சாம்னு சேந்தமங்கலம் சந்தை பூராச் சிரிப்பாங்க."

"அப்ப பக்கப் பலகையை மட்டும் நான் உளியில வெட்டித் தாரேன் மச்சான். ரெண்டு நாள்ல முடிஞ்சுரும்."

"உளியில வெட்டறதுக்கா இதை வாங்கினேன்? பூப்போட்டுக் கும்பிடறதுக்கா?"

கண்ணாயி சோற்றுப் போசியோடு உள்ளே வந்தாள். தம்பி முகத்தையும் புருஷன் முகத்தையும் பார்த்தாள். "சோறு ஆறுதுங்க. ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சுக்குங்க" என்றாள். அருணாசலம் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான். பேச்சு அதோடு நின்றது.

ஆவணியில் பெட்டியை மூங்கிலில் கட்டி நான்கு ஆட்கள் தூக்க, மலைப்பாதையில் ஏற்றினார்கள். அர்த்தனாரியும் அருணாசலமும் கூடவே நடந்தார்கள். பாதி மலையிலேயே தூறல் பிடித்துக்கொண்டது. மாதன் வீட்டை அடைந்தபோது எதிர்வீட்டுக் கூரை தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது.

ஊரே வந்து பெட்டியைப் பார்த்தது. பொம்பளைகள் வால்களை விரலால் தடவிப் பார்த்தார்கள். "ஆணியே இல்லியே சாமி!" என்று வியந்தார்கள். அர்த்தனாரிக்கு உச்சி குளிர்ந்தது. யாரோ "எந்த ஆசாரி வேலை இது?" என்று கேட்டதற்கு, அருணாசலம் முந்திக்கொண்டு "எங்க மச்சான் வேலைங்க" என்று சொன்னான்.

மாதன் உள்ளேயிருந்து காப்பை எடுத்து வரப் போனார். அந்த இடைவேளையில் அருணாசலம் இழுப்பறையை இழுத்துப் பார்த்துவிட்டு, அர்த்தனாரியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், இப்பவே பிடிக்குது. கீழ வந்த மாதிரி வரலை. பையில இழைப்புளி கொண்டாந்திருக்கேன். இன்னம் குங்குமம் வெக்கலை. ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓரத்தைச் சீவிக் குடுத்துரலாம். வெச்சுட்டாங்கன்னா அப்புறம் தொட விட மாட்டாங்க."

அர்த்தனாரி சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேர் பார்த்து மெச்சின பெட்டி. இவர்களுக்கு முன்னாலேயே இழைப்புளியை எடுத்து, 'அளவு தப்பிவிட்டது' என்பதா?

"தூறல் ஈரம் மாப்ள. ரெண்டு நாள்ல காஞ்சுரும். சும்மா இரு."

மாதன் காப்போடு வந்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தார். இழுப்பறையைத் தள்ளி மூடினார். கறைக்கு மேலே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார். சின்னாயி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மழை ஒரு நாள் விட்டால் மூன்று நாள் பிடித்தது. அடிவாரத்திலிருந்து பார்த்தால் மலை இருக்கிற இடமே தெரியவில்லை. அர்த்தனாரி பட்டறை வாசலில் நின்று அந்தப் பக்கம் பார்ப்பார். அருணாசலமும் பார்ப்பான்.

கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போனார்கள். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தாகிவிட்டது. சின்னாயி புதுச்சேலையில் வந்து பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். குங்குமத்தின் கீழே இருந்த கறையை ஒரு தரம் தொட்டுக் கும்பிட்டாள். பிடியைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

"பொட்டிக்குப் பொண்ணை அனுப்ப மனசில்லே போலிருக்குது!" என்றான் மாப்பிள்ளையின் மாமன் சின்னான். எல்லாரும் சிரித்தார்கள். சின்னாயியும் சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். பெட்டிதான் தரையில் நகர்ந்து வந்தது. மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. மேளக்காரன் தானாகவே நிறுத்திவிட்டான்.

"நல்லா இழு கண்ணு" என்றார் மாதன். அவர் குரலே மாறியிருந்தது.

"வரமாட்டேங்குதப்பா." பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "அம்மா குடுக்க மாட்டேங்கறாப்பா."

பின்னாலிருந்து ஒரு கிழவி, சகுனம் சரியில்லை என்று முணுமுணுத்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த டிராயரைச் செஞ்சது ஆரு?" என்று கேட்டார் மாதன்.

அருணாசலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தானுங்க" என்றார் அர்த்தனாரி. "முனியாயி மேல குத்தம் இல்லீங்க. மரம் ஊறிக்கிச்சு. நான் எடம் உட்டிருக்கோணும்."

சத்தமாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு என்ன செய்வது? முகூர்த்தம் நகர்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையில் உளியா இருக்கும்? மாதன் உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்து அருணாசலத்திடம் நீட்டினார். அர்த்தனாரியிடம் நீட்டவில்லை.

அருணாசலம் மேல் விளிம்பில் அரிவாள் முனையைக் கொடுத்துப் பக்குவமாக நெம்பிப் பார்த்தான். மூலையில் நெம்பினால் பூட்டு விட்டுக்கொடுக்கும், பலகையை முழுசாக எடுத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. பூட்டு விடவில்லை. அத்தனை நன்றாக வெட்டியிருந்தார் அர்த்தனாரி. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். படீர் என்று சத்தம் கேட்டது. முன்பலகை பிளந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, கறுப்புக் கறையின் நடுவாகவே பிளந்துகொண்டு போனது.

சின்னாயி பிளவுக்குள் கை விட்டுக் காப்பை எடுத்தாள். போட்டுக்கொண்டாள். மேளம் மறுபடி ஆரம்பித்தது. தாலி கட்டி முடிந்தது. பந்தியில் மாதன் தாமே வந்து அர்த்தனாரிக்குச் சாமைச் சோறு போட்டார். "சாப்பிடுங்க ஆசாரியாரே" என்றார். பிளந்த பலகையின் ஒரு துண்டை அவர் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டதையும், மறு துண்டைச் சின்னாயி தன் துணிகளுக்கு நடுவில் சொருகிக்கொண்டதையும் அர்த்தனாரி பார்த்தார்.

இறங்கும்போது அருணாசலம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். பாதை வழுக்குகிற இடங்களில் நின்று, "பார்த்து வாங்க மச்சான்" என்று கை கொடுத்தான். அடிவாரத்தில் சொன்னான்.

"ஈரோட்டுல ஒரு மரப்பட்டறையில கூப்பிட்டாங்க. போலாம்னு இருக்கேனுங்க."

"இதுக்காகவா?"

"டிராயருக்காக இல்லீங்க மச்சான். பொட்டு வெக்கறதுக்கு முன்னாலயே சொன்னேன். எனக்குக் கை இருந்துச்சு, இழைப்புளி இருந்துச்சு. நீங்க சும்மா இருன்னீங்க, நானும் சும்மா இருந்துட்டேன். அந்தப் புள்ளை அழுததை நினைச்சா எனக்கு என் மேலதான் ஆத்தாமையா இருக்குது. இன்னொருக்கா அப்படி இருக்க முடியாதுங்க."

போய்விட்டான். கண்ணாயி பதினைந்து நாள் புருஷனோடு பேசவில்லை. பொங்கலுக்கு அருணாசலம் அக்காவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு வருவான். வீட்டுக்குள் உட்கார்ந்து, சிரித்துப் பேசிச் சாப்பிடுவான். பக்கத்தில் இருக்கிற பட்டறைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டான்.

அர்த்தனாரி மறுபடி சேலம் போய் அந்தப் பழைய சீப்பைத் தேடினார். அது எப்போதோ விலை போயிருந்தது. அதே மாதிரி இன்னொன்று வரச் சொல்லி வைத்து, ஒரு வருஷம் காத்திருந்து வாங்கினார். நல்ல பலாப் பலகையாகப் பார்த்து எடுத்தார். எல்லாத் திருகுகளையும் தளர்த்தி, பற்களை நெருக்கி வைத்து, பழைய அளவைக் கணக்குப் பண்ணி இழுப்பறைக்கு வேண்டிய பலகைகளை வெட்டினார். ஓரத்தில் அரை வால் இல்லை. முழு வால்கள், கொஞ்சம் ஒல்லியாக, அழகாக விழுந்திருந்தன.

அதற்குள் மலைக்கு ரோடு போட்டாகிவிட்டது. ஒரு லாரியில் ஏறிப் போய், சின்னாயியின் மாமியார் வீட்டை விசாரித்துக்கொண்டு சேர்ந்தார்.

"வாங்க ஆசாரியாரே! உக்காருங்க" என்று சின்னாயி மணையை எடுத்துப் போட்டாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கையில் அந்த வெள்ளிக் காப்பு. "ஏனுங்க, உங்க மச்சினரு வரலீங்களா? அன்னைக்கு அவரு எத்தனை பக்குவமாத் தொறந்து குடுத்தாரு! காப்புல ஒரு கீறல் இல்லீங்க."

"அவன் ஈரோட்டுல இருக்கறானுங்க."

"வந்தா ஊட்டுப் பக்கம் வரச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க."

பெட்டி மூலையில் இருந்தது. அருணாசலம் செய்த கூடு இம்மியும் அசையாமல் நின்றது. இழுப்பறை இருந்த இடம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதற்குள் வைக்கோலைப் பரப்பி ஒரு செவலைக் கோழி அடை உட்கார்ந்திருந்தது. அர்த்தனாரி குனிந்ததும் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு குரல் கொடுத்தது.

"இதுக்குள்ளதான் அதுக்கு வாகா இருக்குதுங்க" என்று சின்னாயி சிரித்தாள். "வருசா வருசம் இங்கதான் குஞ்சு பொரிக்குது."

அர்த்தனாரி பலகைக் கட்டை அவிழ்த்தார். "புது டிராயரு கொண்டாந்தேன் கண்ணு. கோத்து மாட்டிட்டுப் போலாம்னு."

அவள் முன்பலகையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நல்ல மஞ்சள் பலகை. மாசு மறு ஒன்றும் இல்லை. விரல் அதன் நடுவில் ஒரு கணம் நின்றது.

"நல்லா இருக்குதுங்க" என்றாள். "ஆனாக் கோழியை இப்ப எழுப்ப முடியாதுங்களே. முட்டை கெட்டுப் போயிரும். இங்கயே வெச்சுட்டுப் போங்க. அப்பறமாப் பார்த்துக்கலாம்."

பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். வாசல் வழியாக மேகம் புகை மாதிரி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

"உசரத்துல ரெண்டு நூல் கழிச்சுத்தான் வெட்டியிருக்கேன்" என்றார் அர்த்தனாரி.

சின்னாயிக்கு அது என்னவென்று புரியவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, கோழிக்குத் தீனி எடுக்க உள்ளே போனாள்.